லேபர் டே வார இறுதி: நாயோடு முதல் ஆர்.வி. பயணம், யோசனை சொல்லுங்கள்

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 6, இரவு 9:40

வணக்கம் மக்களே. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) விடுமுறைக்கு ஆர்.வி. (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) ஒன்று வாடகைக்குப் பேசியிருக்கிறோம். கிளாஸ் சி, 25 அடி. வெள்ளி மாலை கிளம்பி திங்கள் திரும்ப வேண்டும். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உள்ள இடம் கிடைத்துவிட்டது. 30 ஆம்ப் இணைப்பு. நண்பர் குடும்பம் அங்கேயே கேபின் எடுத்திருக்கிறார்கள்.

கூடவே முத்து வருகிறான். லாப்ரடார் கலப்பு, மூன்று வயது, அறுபது பவுண்டுக்கு மேல். காரில் நன்றாக வருவான், ஆர்.வி. அவனுக்கும் புதிது, எங்களுக்கும் புதிது.

கேள்விகள்: சனிக்கிழமை மதியம் எல்லோரும் லூரே குகைக்குப் போகலாம் என்று திட்டம். அந்த நேரம் முத்துவை ஆர்.வி.க்குள் ஏ.சி. போட்டு விட்டுப் போகலாமா? ஞாயிறு ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் உள்ள டார்க் ஹாலோ அருவிக்கு அவனைக் கூட்டிப் போகலாமா? அப்புறம், நண்பரின் அம்மா கோவையிலிருந்து வந்திருக்கிறார். நாய் என்றாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வார். இதற்கும் யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

தயிர்சாதம் · நியூ ஜெர்சி · ஆகஸ்ட் 6, இரவு 10:15

முத்துவை போர்டிங்கில் (நாய்க் காப்பகத்தில்) விடுங்கள். விடுமுறை வார இறுதியில் கேம்ப்கிரவுண்ட் என்பது சைக்கிள் ஓட்டும் குழந்தைகள், கோல்ஃப் கார்ட், பத்தடிக்கு ஒரு அடுப்பு, பக்கத்து சைட்டில் இன்னொரு நாய். அதில் ஒரு லாப்ரடாரைக் கட்டிப்போட்டு நீங்கள் என்ன ஓய்வு எடுக்கப் போகிறீர்கள்? நாய்க்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை.

---

ப்ரௌனி அம்மா · மேரிலாந்து · ஆகஸ்ட் 6, இரவு 10:52

தயிர்சாதம், லேபர் டேக்கு மூன்று வாரம் முன்னால் போர்டிங் இடம் கிடைக்கும் என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் நல்ல இடமெல்லாம் ஜூலையிலேயே நிரம்பிவிடும். புதிதாகப் போகும் நாய்க்கு முதலில் ஒரு நாள் சோதனை வைப்பார்கள். பார்டெடெல்லா (நாய்களின் தொற்று இருமல்) தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அதையும் சில இடங்களில் சில நாள் முன்னாலேயே போட்டிருக்கச் சொல்வார்கள். அருள், இரண்டு வழியையும் திறந்து வைத்துக்கொள்ள நினைத்தால் நாளைக்கே போன் செய்யுங்கள்.

நாங்கள் ப்ரௌனியை எல்லா இடத்துக்கும் கூட்டிப் போகிறோம். ஆர்.வி.க்குள் ஏ.சி. ஓடும், உள்ளே ஒரு வெப்பநிலை மானிட்டர் இருக்கும், போனில் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒன்றும் ஆகாது.

---

காட்டுப்பூச்சி · வட கரோலினா · ஆகஸ்ட் 7, காலை 7:05

"ஒன்றும் ஆகாது" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாதாரண வார இறுதியில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. லேபர் டே வேறு கணக்கு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாய் விஷயத்தில் மிக முக்கியமானது பெடஸ்டலில் (சைட்டில் இருக்கும் மின் இணைப்புக் கம்பம்) வரும் மின்சாரம்தான்.

30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3600 வாட். கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யூ. ஏ.சி. வெயில் நேரத்தில் 13 முதல் 15 ஆம்ப் வரை இழுக்கும். மைக்ரோவேவ் போட்டால் 12 ஆம்ப்புக்கு மேல். தண்ணீர் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினால் இன்னொரு 12. நம் ஆட்கள் வீட்டிலிருந்து இண்டக்ஷன் அடுப்பு கொண்டு வருவார்கள், அது 1800 வாட், அதாவது 15 ஆம்ப். ஏ.சி.யும் இதில் ஏதாவது ஒன்றும் சேர்ந்தாலே 30-ஐ நெருங்கிவிடும். மூன்றாவதைத் தொட்டால் பிரேக்கர் விழும். நீங்கள் உள்ளே இருந்தால் போய் மறுபடி போட்டுவிடுவீர்கள். நாய் மட்டும் இருந்தால்?

இது உங்கள் பக்கத்துக் கணக்கு. கேம்ப்கிரவுண்ட் பக்கம் இன்னொன்று உண்டு. இந்த முகாம்கள் பல, ஒரு ஆர்.வி.யில் ஒரே ஒரு ஏ.சி. இருந்த காலத்தில் வயர் இழுத்தவை. இன்று பக்கத்தில் 40 அடி வண்டி 50 ஆம்ப்பில் இரண்டு மூன்று ஏ.சி. ஓட்டுகிறது. சனிக்கிழமை மதியம் மூன்று நான்கு மணிக்கு எல்லா சைட்டும் நிரம்பி, எல்லா ஏ.சி.யும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 120 வர வேண்டிய இடத்தில் 108, 106 என்று பார்க்கலாம். வோல்டேஜ் குறைந்தால் ஏ.சி. மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும், கம்ப்ரசர் போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஈ.எம்.எஸ். என்ற பாதுகாப்புக் கருவியைப் பெடஸ்டலில் மாட்டுகிறார்கள். அது சுமார் 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்சாரத்தையே வெட்டிவிடும். வண்டி பிழைத்தது. உள்ளே ஏ.சி. நின்றது.

மின்சாரம் திரும்பினாலும் சில ஏ.சி.கள் தானாக ஓடத் தொடங்காது. அதையும் வண்டியை எடுக்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

இனி சூடு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெளியே 72 முதல் 96 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்த நாட்களில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 40 டிகிரி ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. ஆர்.வி. பெரியது, கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனால் மெல்லிய சுவர், பெரிய முன்கண்ணாடி, கூரை முழுக்க வெயில். அந்த "கொஞ்சம் மெதுவாக" என்பதை நம்பி ஒரு உயிரை உள்ளே வைக்க மாட்டேன்.

மானிட்டர் நல்ல பொருள்தான், வாங்குங்கள். ஆனால் செல்போன் சிம் உள்ளதாக வாங்குங்கள். கேம்ப்கிரவுண்ட் வைஃபையில் ஓடுவது மின்சாரம் போகும்போது கூடவே போய்விடும். எச்சரிக்கை வந்தால் பத்து பதினைந்து நிமிடத்தில் திரும்பக்கூடிய தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். குகை என்பது பூமிக்கு அடியில். அங்கே சிக்னலை நம்பி இருக்க முடியுமா?

---

ப்ரௌனி அம்மா · மேரிலாந்து · ஆகஸ்ட் 7, காலை 8:30

குகை விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது நான் யோசிக்காத கோணம். ஆனால் எங்கள் வண்டியில் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருக்கிறது. கரெண்ட் போனால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

---

காட்டுப்பூச்சி · வட கரோலினா · ஆகஸ்ட் 7, காலை 8:41

உங்கள் சொந்த வண்டிக்குச் சரி. அருள் எடுப்பது வாடகை வண்டி. வாடகை கிளாஸ் சி பலவற்றில் ஜெனரேட்டர் இருக்கும், தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி அபூர்வம். ஓடும் மணிக்கணக்குக்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்கள். ஹூக்கப் (மின் இணைப்பு) உள்ள இடத்தில் ஜெனரேட்டர் ஓட்டவே கூடாது என்று சொல்லும் முகாம்களும் உண்டு.

---

சேகர்_டல்லாஸ் · டெக்சாஸ் · ஆகஸ்ட் 7, மதியம் 12:20

பூச்சி அண்ணன் சொன்னதற்கு வலு சேர்க்கிறேன். எங்கள் ஊரில் 102 டிகிரி அடிக்கும்போது கூரை ஏ.சி. முழு வேகத்தில் ஓடினாலும் உள்ளே 84, 85-க்குக் கீழே வராது. அந்த இயந்திரம் உள்ளே இழுக்கும் காற்றை ஏறக்குறைய 20 டிகிரி குளிர்வித்துத்தான் வெளியே விடும், அதற்கு மேல் அதனால் முடியாது. வர்ஜீனியா செப்டம்பர் இவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் சைட் தேர்வு செய்யும்போது நிழல் கேளுங்கள். ஆபீஸில் போன் செய்து "மதியம் எந்த சைட்டில் மரநிழல் விழும்" என்று கேட்டால் சொல்வார்கள். கண்ணாடிகளுக்கு வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் போடுங்கள். கூரை வென்டில் ஒரு பஞ்சு அட்டை அடைக்கலாம், விலை ரொம்பக் குறைவு.

டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் நாயைத் தனியே விட்டுப் போகவே கூடாது என்பது விதி. தனியார் முகாம்களிலும் பலது அப்படித்தான். அருள், உங்கள் முன்பதிவு மின்னஞ்சலின் கீழே சின்ன எழுத்தில் நாய் விதி இருக்கும், அதை முதலில் படியுங்கள். சில இடங்களில் இன்சூரன்ஸ் காரணம் காட்டிக் குறிப்பிட்ட இனங்களை அனுமதிக்க மாட்டார்கள். கலப்பு என்றால் "என்ன கலப்பு" என்று கேட்பார்கள். ரேபிஸ் சான்றிதழ் நகல் கையில் இருக்கட்டும்.

---

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 7, இரவு 8:55

படித்தேன். "நாயைத் தனியாக விடக்கூடாது, சைட்டிலும் சரி, வண்டிக்குள்ளும் சரி" என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஆக முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

குகையை இரண்டு குழுவாகப் பார்க்கலாமா என்று மனைவி கேட்கிறார். காலையில் நண்பர் குடும்பமும் எங்கள் பெரியவனும், மதியம் நாங்கள் மூவர். இடையில் யாராவது ஒருவர் முத்துவோடு. குழந்தைகள் முணுமுணுக்கிறார்கள், பரவாயில்லை.

---

வெள்ளைக்காகம் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 7, இரவு 9:30

இரண்டு குழு நல்ல யோசனை. கூட்டம் கூட்டமாகப் போகும் நம் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். குகைக்குள் வருடம் முழுவதும் 54 டிகிரி ஃபாரன்ஹீட்தான், மேலே போட ஏதாவது எடுத்துப் போங்கள்.

ஞாயிறு திட்டத்துக்கு வருகிறேன். டார்க் ஹாலோ அருவிப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆனால் அமெரிக்க தேசியப் பூங்காக்களிலேயே நாய்க்கு இவ்வளவு இடம் கொடுப்பவை மிகச் சில, அதில் ஷெனண்டோவா ஒன்று. 500 மைலுக்கு மேல் நடைபாதை, அதில் தடை சுமார் 20 மைலுக்கு உட்பட்டதுதான். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸில் நாயோடு நடக்க இரண்டே பாதைகள், யோசெமிட்டியில் பெரும்பாலும் தார் போட்ட வழிகள்தான். அதோடு ஒப்பிட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

தடை உள்ளவை: டார்க் ஹாலோ, ஸ்டோனி மேன், லிம்பர்லாஸ்ட், பேர்ஃபென்ஸ், ஃபாக்ஸ் ஹாலோ, ஸ்டோரி ஆஃப் த ஃபாரஸ்ட், ஃப்ரேசியர் டிஸ்கவரி, அப்புறம் ஓல்ட் ராக் பக்கத்துப் பாதைகள். இவற்றை விட்டுவிடுங்கள். ஹாக்ஸ்பில் போங்கள். பூங்காவின் உயரமான சிகரம், 4,051 அடி, நாய்க்குத் தடை இல்லை. அருவிதான் வேண்டும் என்றால் ரோஸ் ரிவர் பக்கம். ஏறுமுகம் திரும்பும்போதுதான் வரும், தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். விடுமுறை நாளில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் பார்க்கிங்கே தகராறு. ஆறடி லீஷ் (நாய்க் கயிறு), அதற்கு மேல் நீளம் கூடாது. நீட்டும் லீஷை வீட்டில் வைத்துவிடுங்கள்.

ஆர்.வி.யையே பூங்காவுக்குள் ஓட்டிப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. லூரேயிலிருந்து 211-ம் நெடுஞ்சாலையில் ஏறி தோர்ன்டன் கேப் நுழைவாயில் வழியாகத் தெற்கே திரும்பினால் உடனே மேரிஸ் ராக் சுரங்கம். உயரம் 12 அடி 8 அங்குலம். கிளாஸ் சி பெரும்பாலும் நுழையும். ஆனால் கூரை ஏ.சி.யையும் சேர்த்து வண்டியின் உயரம் எவ்வளவு என்று ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கும், எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் காரில் போவது உத்தமம்.

---

ஸ்காபரோ_ரூபன் · ஒன்ராறியோ · ஆகஸ்ட் 8, காலை 6:40

அருள் அண்ணா, நாங்கள் இங்கே ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு நாயோடு போகிறனாங்கள். லீஷ் இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இடத்தை ஐந்து மாதம் முன்னமே பதிய வேண்டும், லோங் வீக்கெண்டுக்கு அந்த நாள் காலை ஏழு மணிக்கே கணினி முன்னால் இருந்தால்தான் உண்டு. இந்த இழையில் கரண்ட் பற்றிக் கதைத்தது எங்களுக்கும் பொருந்தும்.

நான் கேட்க வந்தது வேறு. அடுத்த முறை நாங்கள் ஷெனண்டோவா பக்கம் வர யோசிக்கிறோம். நாயோடு எல்லை கடக்க என்ன வேண்டும்? முன்னர் ரேபிஸ் கடிதம் மட்டும் காட்டினால் விட்டவர்கள்.

---

காட்டுப்பூச்சி · வட கரோலினா · ஆகஸ்ட் 8, காலை 7:15

ரூபன், 2024 ஆகஸ்ட் 1 முதல் மாறிவிட்டது. நாய்க்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், சி.டி.சி.யின் (அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்) இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி ரசீதைக் காட்ட வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் கனடா போன்ற ரேபிஸ் அபாயம் குறைந்த நாட்டில் மட்டும் இருந்த நாய்க்கு இவ்வளவுதான். இந்தியா அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து கொண்டு வரும் நாய்க்கு விதி வேறு, நிறையவே கடினம். திரும்பிப் போகும்போது கனடா கேட்கும் ரேபிஸ் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

---

ஸ்காபரோ_ரூபன் · ஒன்ராறியோ · ஆகஸ்ட் 8, காலை 7:22

ஓம், விளங்கிவிட்டது. நன்றி.

---

ப்ரௌனி அம்மா · மேரிலாந்து · ஆகஸ்ட் 8, மதியம் 1:10

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லையே! நம் கேம்பிங் என்றால் பிரியாணிதான். இரண்டு குடும்பம் சேர்ந்தால் அண்டா இறங்கும். வெள்ளைக்காரக் குடும்பத்து நாய்க்குக் கிடைப்பது ஹாட் டாக் துண்டு, நம் நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். சமைத்தாலும் அதே விஷம்தான், பொடியாக இருந்தால் இன்னும் மோசம். அறிகுறி உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, கருஞ்சிவப்பு சிறுநீர் என்று வரும். பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடும், எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று ஒரு அளவே சொல்ல முடியாது. சமைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடையும். சுட்ட சோளம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப்போடும் கட்டை குடலில் போய் அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். குழந்தைகள் தீயைச் சுற்றி உட்கார்ந்து சாக்லேட் வைத்துச் செய்யும் ஸ்மோர், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், இவையும் ஆகாது.

தட்டைக் கீழே வைக்காதே என்று குழந்தைகளிடம் சொன்னால் கேட்பார்கள். பெரியவர்கள்தான் கேட்க மாட்டார்கள். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று ஒரு பிடி போட்டுவிடுவார்கள். அவர்களுக்காகவே தனியாக வெறும் சோறும் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். பாசம் பொங்கினால் அதிலிருந்து கொடுக்கட்டும்.

---

தயிர்சாதம் · நியூ ஜெர்சி · ஆகஸ்ட் 8, மதியம் 1:45

இதையெல்லாம் படித்தபின் என் போர்டிங் யோசனை இன்னும் பலமாகத் தெரிகிறதே :)

---

ப்ரௌனி அம்மா · மேரிலாந்து · ஆகஸ்ட் 8, மதியம் 1:58

குழந்தைகளைக் கூட்டிப் போவதற்கும் இதே நீளத்துக்குப் பட்டியல் போடலாம், யாரும் குழந்தைகளை போர்டிங்கில் விடச் சொல்வதில்லை.

---

வெள்ளைக்காகம் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 8, மாலை 5:30

தயிர்சாதம் சொல்வதிலும் நியாயம் உண்டு. பட்டாசு சத்தத்துக்கு நடுங்கும் நாய், அந்நியரைக் கண்டால் சீறும் நாய், மூக்கு தட்டையான பக் மாதிரி வெயில் தாங்காத நாய், இவற்றை விடுமுறை வார இறுதிக்கு இழுத்துப் போகக்கூடாது. ஜூலை 4 என்றால் நானே சொல்வேன், வீட்டில் வையுங்கள் என்று. லேபர் டேக்குச் சில தனியார் முகாம்களில் கோல்ஃப் கார்ட் ஊர்வலம், பாட்டுக் கச்சேரி, சில சமயம் வாணவேடிக்கை என்று வைப்பார்கள். அருள், நிகழ்ச்சிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மேடைக்கும் நீச்சல் குளத்துக்கும் தூரமாக ஒரு சைட் மாற்றித் தருவார்களா என்று பாருங்கள். நாய்ப் பூங்காவுக்குப் பக்கத்து சைட்டும் வேண்டாம். எல்லோரும் அதைக் கேட்டு வாங்குவார்கள், நாள் முழுக்கக் குரைப்பு.

---

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 9, காலை 10:05

முத்துவுக்குப் பட்டாசு பிரச்சினை இல்லை, தூங்குவான். கேட்டேன், பின்வரிசையில் ஒரு சைட் மாற்றிக் கொடுத்தார்கள். மரநிழல் இருக்கிறதாம்.

இன்னொன்று. திங்கள் திரும்பும் வழியில் லேக் அன்னா பக்கம் போய் முத்துவைக் கொஞ்சம் நீந்த விடலாமா? தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர்.

---

காட்டுப்பூச்சி · வட கரோலினா · ஆகஸ்ட் 9, காலை 10:40

போவதற்கு முன் வர்ஜீனியா சுகாதாரத் துறையின் பாசி எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். லேக் அன்னாவின் மேல்பகுதிகளில் 2018-லிருந்து கோடை தோறும் நீலப்பச்சைப் பாசி எச்சரிக்கை வருவது வழக்கமாகிவிட்டது. கோடை முடியும் நேரம், சூடான தண்ணீர், அதாவது சரியாக லேபர் டே காலம். மனிதனுக்குத் தோல் அரிப்பு, வயிற்றுப்போக்கு. நாய் நீந்தும்போதே தண்ணீரைக் குடிக்கும், கரையேறி உடம்பை நக்கும். சில பாசிகளின் விஷம் சில மணி நேரத்திலேயே நாயை முடித்துவிடும். தண்ணீர் மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டிய மாதிரி படலம் தெரிந்தால் கிட்டவே போக வேண்டாம். ஓடும் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் விடுவது இதைவிட நல்லது.

---

மலைத்தேன் · பென்சில்வேனியா · ஆகஸ்ட் 9, இரவு 11:20

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கால்நடை மருத்துவமனையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன், அதனால் இரண்டு மூன்று விஷயம்.

உண்ணி: ஷெனண்டோவா முழுக்க உண்டு, லைம் நோய் அந்தப் பகுதியில் சாதாரணம். மாத்திரையோ கழுத்துப் பட்டையோ ஏற்கெனவே போட்டிருந்தாலும் தினமும் மாலையில் காது மடலுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். கிடைத்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

ஸ்கங்க் (நாற்றத் திரவம் பீய்ச்சும் சிறு விலங்கு): இருட்டிய பிறகு குப்பைத் தொட்டி பக்கம் உலாவும். நாய் மேல் பீய்ச்சிவிட்டால் ஆர்.வி.க்குள் ஏற்றாதீர்கள், வாடகை வண்டியின் முன்பணம் முழுவதும் போய்விடும். தக்காளிச் சாறு பயன்படாது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் 1993-ல் வெளியிட்ட கலவை இது, இன்று வரை இதற்கு மிஞ்சியது இல்லை. கலந்த உடனே தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் படக்கூடாது. மிச்சத்தை பாட்டிலில் மூடி வைத்தால் வெடிக்கும், கொட்டிவிடுங்கள். பெராக்சைடு நாயின் ரோமத்தைக் கொஞ்சம் வெளுக்கும், கறுப்பு லாப் என்றால் சில வாரம் செம்பட்டையாகத் திரிவான்.

வண்டி ஓடும்போது: தயவுசெய்து அவிழ்த்து விடாதீர்கள். வீடு மாதிரி இருப்பதால் சோபாவில் படுக்கட்டும் என்று தோன்றும். பிரேக் போட்டால் அறுபது பவுண்டு முன்னால் பறக்கும். ஹார்னஸ் போட்டு இருக்கை பெல்ட் பக்கிளில் மாட்டுங்கள், அல்லது கூண்டைக் கட்டி வையுங்கள். ஸ்லைடு அவுட் (வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் சுவர்ப்பகுதி) உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நாய் வண்டிக்கு வெளியே, ஒருவர் கையில் இருக்க வேண்டும். சந்தில் மாட்டி நசுங்கி வந்த கேஸ் பார்த்திருக்கிறோம்.

கிளம்பும் முன், போகும் ஊரில் விடுமுறை நாளிலும் இரவிலும் திறந்திருக்கும் அவசரக் கால்நடை மருத்துவமனை எது என்று போனில் சேமித்து வையுங்கள். சின்ன ஊர்களில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

---

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 10, காலை 9:00

மலைத்தேன், மிக்க நன்றி. ஹார்னஸ் ஆர்டர் போட்டாயிற்று. நண்பரின் அம்மா விஷயம் மட்டும் பாக்கி. யாருமே அதைத் தொடவில்லை!

---

சேகர்_டல்லாஸ் · டெக்சாஸ் · ஆகஸ்ட் 10, காலை 11:30

என் மாமியார் இதே ரகம். "ஒன்றும் பண்ணாது அத்தை, தடவிப் பாருங்கள்" என்று நாயை அருகில் கொண்டு போவதுதான் எல்லோரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். ஊரில் தெருநாய் துரத்திக் கடித்து, ஊசி போட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. அவருக்கு என்று நாய் வராத ஒரு இடம் வேண்டும். கேபின் வராண்டாவை அப்படி ஒதுக்கிவிடுங்கள். முத்து உங்கள் ஆர்.வி. பக்கம் மட்டும். ஆர்.வி. கதவுக்கு வெளியே மடக்கும் கம்பி வேலி ஒன்று போட்டால் போதும், ஆனால் முகாமில் வேலிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு நேரத்தில் முத்து உள்ளே. அவராகவே கிட்ட வந்தால் வரட்டும், வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

---

வெள்ளைக்காகம் · வர்ஜீனியா · ஆகஸ்ட் 10, மதியம் 12:05

வேலி போட்டாலும் இரவில் தீனிக் கிண்ணத்தை வெளியே வைக்காதீர்கள். அங்கே கருங்கரடி உண்டு. கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் நாலு உருண்டைக்கே வரும்.

---

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · செப்டம்பர் 3, இரவு 9:15

போய் வந்தாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மின்சாரம்: பூச்சி அண்ணன் சொன்னது அச்சு அசலாக நடந்தது. பெடஸ்டலில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டியிருந்தேன். சனி காலையில் 119. மதியம் நாலு மணிக்கு 107. ஏ.சி.யின் சத்தமே மாறியது. அந்த நேரம் என் முறை, முத்துவோடு நான்தான் இருந்தேன். ஹீட்டரை கேஸுக்கு மாற்றி, ஃபிரிட்ஜையும் கேஸில் போட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு அவனை மர நிழலுக்குக் கூட்டிப் போய் ஈரத்துண்டு போட்டு உட்கார வைத்தேன். பக்கத்து வரிசையில் மூன்று சைட்டுக்கு முழுக்கவே போய்விட்டது, திரும்ப வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் ஒரு வண்டிக்குள் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, ஆள் யாரும் இல்லை. ஆபீஸில் சொன்னோம், அவர்களிடம் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு வரவழைத்தார்கள். அந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உரிமையாளர் எங்கள் மேல் கோபமாக இருந்தார், இருக்கட்டும்.

ஹாக்ஸ்பில்: ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம், பார்க்கிங் பாதி நிறைந்திருந்தது. முத்துவுக்குச் சொர்க்கம். உச்சி வெயிலுக்கு முன்னால், பாறைகள் சூடேறுவதற்குள் இறங்கிவிட்டோம். லேக் அன்னா போகவில்லை, வரைபடத்தில் எச்சரிக்கை இருந்தது.

உண்ணி இரண்டு எடுத்தோம், ஒன்று முத்துவிடமிருந்து, ஒன்று என் காலிலிருந்து.

நண்பரின் அம்மா கடைசி வரை முத்துவோடு சமாதானம் ஆகவில்லை. வராண்டாவில் நிம்மதியாக உட்கார்ந்து எல்லோருக்கும் சுக்கு காபி போட்டுக் கொடுத்தார். சேகர் சொன்ன எல்லை நன்றாக வேலை செய்தது.

ஒரு செலவு எதிர்பாராதது: ரோமம் சுத்தம் செய்ய என்று 100 டாலர் பிடித்துவிட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாய்க் கட்டணம் தனியாக ஏற்கெனவே கட்டியிருந்தோம்.

---

ப்ரௌனி அம்மா · மேரிலாந்து · செப்டம்பர் 3, இரவு 9:50

அந்தப் பக்கத்து வண்டிக் கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னேனே, நேற்று அதை வேண்டுமென்றே பெடஸ்டல் பிரேக்கரை அணைத்துச் சோதித்தோம். ஸ்டார்ட் ஆனது. ஏ.சி. எடுக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. விடுமுறை வார இறுதிகளில் இனி தனியாக விடுவதில்லை என்று முடிவு.

ரோமத்துக்கு: சோபா, படுக்கை மேல் பழைய பருத்திப் புடவை விரித்துவிட்டால் உதறி எடுத்துவிடலாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரப்பர் கையுறையை ஈரமாக்கித் தரைவிரிப்பைத் தேய்த்தால் உருண்டு வரும். கொடுக்கும்போது உள்ளே வீடியோ எடுத்து வையுங்கள்.

---

தயிர்சாதம் · நியூ ஜெர்சி · செப்டம்பர் 4, காலை 8:20

அருள், நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு என் தம்பி ஆர்.வி. எடுக்கிறான், பீகிள் ஒன்று உண்டு. இந்த இழையை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். திங்கள் காலை டம்ப் ஸ்டேஷனில் (கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம்) வரிசை எப்படி இருந்தது? நாயை வைத்துக்கொண்டு அதில் நிற்பதுதான் கொடுமை என்று கேள்விப்பட்டேன்.

---

அருள்_ஆஷ்பர்ன் · வர்ஜீனியா · செப்டம்பர் 4, காலை 8:45

எங்கள் சைட்டிலேயே கழிவுநீர் இணைப்பு இருந்ததால் வரிசை இல்லை. ஞாயிறு இரவே பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு) திறந்துவிட்டு, அதன் பின் கிரே டேங்க் (குளித்த, கழுவிய தண்ணீர்) திறந்து குழாயைக் கழுவி வைத்துவிட்டேன். வெளியே டம்ப் ஸ்டேஷனில் பத்து மணிக்கு ஒன்பது வண்டி நின்றன. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், ஒருவர் குழாய் வேலை பார்க்கும்போது இன்னொருவர் பீகிளை அந்தப் பக்கமே விடாமல் நடத்திக்கொண்டிருக்கட்டும். நாய்க்கழிவுப் பையை மட்டும் பிளாக் டேங்கில் போட்டுவிட வேண்டாம், அடைத்துக்கொள்ளும். அதற்குக் குப்பைத் தொட்டிதான்.